பழைய பெரியப்பா

தையல்காரியின் புருஷனுக்கு வீட்டு வாசலைத் தாண்டினால் சொந்தப் பெயர் கிடையாது. பால் போடுகிறவர் முதல் வங்கி மேனேஜர் வரை எல்லாருக்கும் அவர் பெரியப்பாதான். வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு டிவி சீரியலில், தம்பி குடும்பத்தை அழவைப்பதே பிழைப்பாக இருக்கும் பெரியப்பா வேஷம் அவருக்கு. சீரியலுக்கென்று ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. "பெரியப்பா போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த வேஷத்துக்கு அவர் முதல் ஆள் இல்லை. முதல் ஆள் நல்ல உயரம், கட்டைக் குரல், பார்வையிலேயே ஆளை நிறுத்துகிறவர். ஒருநாள் ஷூட்டிங் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். டீ கொண்டுபோனவன் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராததால் ஐயா கோபமாக இருக்கிறார் என்று நினைத்து, டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு நழுவிவிட்டானாம். அவர் கோபத்துக்கு அவ்வளவு பயம். சூடு ஆறுவதற்குள் திரையில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓட்டி, தையல்காரியின் புருஷனைக் காட்டினார்கள். அதுவரை அவர் டப்பிங் கூடத்தில் அடுத்தவர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர். செத்தவர் குரலை அச்சாகப் பேசுவார் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே தகுதி. பார்க்கிறவர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிப்போனார்கள். டிவி பார்க்கிறவர்களின் துக்கத்தை நம்பி யாரும் சாகக்கூடாது.

வீட்டில் மனுஷர் பரம சாது. கரப்பான் பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுவார். பெண்டாட்டியை 'ஊசி' என்று கூப்பிடுவார். தையல் வேலைக்காக மட்டும் வைத்த பெயர் இல்லை அது, அவள் வாய்க்கும் சேர்த்து வைத்தது. அவளும் அதற்குக் குறை வைக்கமாட்டாள்.

வீட்டின் முன்னறையில் ஜன்னலைப் பார்த்து அவளுடைய தையல் மிஷின். பின்பக்கம் டிவி. சாயங்காலமானால் துணி கொடுக்க, வாங்க, பிடித்துக் கொடுக்கச் சொல்ல என்று கட்டடத்துப் பெண்கள் வருவார்கள். வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து பெரியப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கீழ்வீட்டு நர்ஸம்மா, மேல்வீட்டு அக்கா, இன்னும் நாலைந்து பேர். பெரியப்பா வீட்டிலேயே உட்கார்ந்து பெரியப்பாவைத் திட்டுவதில் அவர்களுக்குத் தனி ருசி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சேனலுக்குப் புதிதாகப் படித்த கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு மனுஷன் எத்தனை காலம்தான் கெட்டவனாகவே இருப்பான், ஒரு பாத்திரம் என்றால் அதற்கு வளர்ச்சி வேண்டாமா என்று பேசினார்களாம். பெரியப்பா திருந்த ஆரம்பித்தார். தம்பி மகளிடம் மன்னிப்புக் கேட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். தான் செய்ததையெல்லாம் நினைத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் பெண்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். நர்ஸம்மா கண்ணைத் துடைத்தது வாடிக்கையாளர் ஒருத்தியின் புதுத் துணியில். பிறகு அழுகை நின்றது. பிறகு கொட்டாவி வந்தது. அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றால், இவர்கள் போனை எடுத்துத் தடவ ஆரம்பித்தார்கள்.

"திருந்தினா ஒரு நாள் திருந்திட்டு வேலையைப் பாக்கணும்" என்றாள் நர்ஸம்மா. "இவரு என்ன, தினமும் திருந்திட்டே இருக்காரு?"

அந்த நேரம் புருஷன் சமையலறையில் கப் கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். கழுவின கப்பையே மறுபடி கழுவினார். அந்த வேஷத்தில் அவர் நடிக்காமல் நின்ற காலம் அதுதான். தன்னைப் போலவே பேசி, தன்னைப் போலவே தலை குனிந்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு வந்தார். அதுதான் ஊருக்குப் பிடிக்காமல் போயிற்று. தையல்காரிக்குச் சுருக்கென்றது. ஆனால் அவளுக்கும் கொட்டாவி வந்தது உண்மை.

பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், பெரியப்பா பாத்திரத்தையே தூக்கிவிடப் போகிறார்கள் என்று செட்டில் பேச்சு அடிபட்டது. அந்தச் சமயத்தில்தான் சேனலிலிருந்து ஒரு பெண் வீடு வீடாகப் போன் போட்டு அபிப்பிராயம் கேட்டாள். சேனல்காரன் அபிப்பிராயம் கேட்கிறான் என்றால் முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். இவர்களுக்கு அது எங்கே தெரியும்? நர்ஸம்மாவின் போன் கை மாறிக் கை மாறிப் போனது. எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னது ஒன்றுதான்: எங்களுக்குப் பழைய பெரியப்பா வேண்டும்.

கடைசியில் போனைத் தையல்காரியின் வாயருகே நீட்டினார்கள். அவள் உதட்டில் குண்டூசிகள். புருஷனின் வேலையைக் காப்பாற்ற இதுதான் சந்தர்ப்பம் என்று அவளுக்குத் தோன்றியது. ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "பழைய ஆளையே கொண்டு வாங்க" என்றாள்.

அந்தப் பக்கம் கொஞ்சம் தயக்கம். "பழைய ஆளையா மேடம்?"

"ஆமா. அவரேதான் வேணும்."

பழைய மாதிரி என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த 'மாதிரி'யை விட்டுவிட்டாள். அவள் மட்டுமில்லை, போன் போன வீட்டிலெல்லாம் அதை விட்டுவிட்டுத்தான் பேசியிருக்கிறார்கள். இத்தனை வாய் சேர்ந்து ஒரு செத்தவரைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யார் யோசித்தார்கள்.

சில நாளில் வசனம் மாறியது. பெரியப்பா மறுபடி கெட்டவரானார். முதல் நாள் ஷூட்டிங் முடிந்து வந்த புருஷனின் முகத்தில் ஒரு திகைப்பான சந்தோஷம். தாளைப் பார்க்கவே இல்லை ஊசி, வசனம் தானாக வந்தது, லைட் போடுகிறவர்கள்கூடக் கை தட்டினார்கள் என்றார். ஒரு இடத்தில் தாளில் இல்லாததையெல்லாம் பேசினாராம். டைரக்டர் நிறுத்தவில்லையாம். எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள். தெரியவில்லை என்று சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றோடு சரி.

மறுநாள் வாட்ச் வலது கையில் இருந்தது. அடுத்து டீ கப்பை இடது கையால் எடுத்தார். உட்காரும் நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவள் இதையெல்லாம் வேஷத்தின் மிச்சம் என்று நினைத்தாள். நடிகர்களுக்கு ஒட்டிக்கொண்ட சாயம் கழுவியதும் போய்விடாது என்று அவளுக்குத் தெரியும்.

சுவர் விஷயம்தான் அவளை உலுக்கியது. ஃபிரிட்ஜ் பக்கத்தில் வெறும் சுவர். ஷூட்டிங்கிலிருந்து வந்ததும் அவர் நேரே அதை நோக்கி நடப்பார். இடுப்பு உயரத்தில் கையை நீட்டுவார், கைப்பிடியைப் பிடிக்கப் போவது போல. சுவரில் விரல் படும். சற்று நேரம் நிற்பார். யாரோ தன் வீட்டுக் கதவை ஒளித்துவைத்துவிட்டதைப் போல அறையைச் சுற்றிப் பார்ப்பார். பிறகு வந்து உட்காருவார். தினமும் இதேதான். சுவரில் அந்த இடம் கை பட்டுப் பட்டு அழுக்காகிவிட்டது.

ஒருநாள் சாப்பிடும்போது நிமிராமலே, "வாத்து, உப்பு கொண்டா" என்றார்.

"யாரு வாத்து?" என்று அவள் கேலியாகக் கேட்டாள்.

அவர் நிமிர்ந்தார். வழி கேட்டு வாசலில் வந்து நிற்கிற ஆளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். அவள் உப்பை எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். இன்னொருத்தி இருக்கிறாளோ என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி இருந்திருந்தால் தேவலை என்று பிற்பாடு நினைத்தாள்.

பெண்களுக்கோ கொண்டாட்டம். முன்னறையில் இடம் போதவில்லை. அச்சு அசல் அவரேதான், அந்தப் பழைய பெரியப்பாதான் என்று நர்ஸம்மா மாய்ந்துபோனாள். ஷூட்டிங் இல்லாத நாளில் அவர் வீட்டில் இருப்பார். பெண்கள் டிவியைப் பார்ப்பார்கள், அவர் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்களைப் பார்ப்பார். திரையில் அவர் கத்தும்போது இவர்கள் உதட்டைக் கடிப்பதையும், கை விரல் மடங்குவதையும், ஒவ்வொரு முகமாக, பசித்தவன் தட்டைப் பார்ப்பது போலப் பார்ப்பார். சீரியல் முடியும்போது அவர் முகத்தில் ரத்தம் ஏறியிருக்கும். தோள் அகன்றிருக்கும். அவர் சட்டைகளுக்கெல்லாம் தோள் அளவு எடுத்துத் தைத்தவள் அவள். இப்போது அதே சட்டைகள் அவருக்கு இறுக்கிப் பிடித்தன. தையலைப் பிரித்து விட்டுக்கொடுத்தாள். மறுபடி இறுக்கியது. உயரமும் கூடியிருந்தது. பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. அதை யாரிடம் சொல்வது?

அந்த வாரம் சீரியலில் பெரியப்பா தம்பி மருமகளைப் பார்த்து, "என்ன வாத்து நடை நடக்கிறே" என்றார். அது வசனத்தில் இல்லாத வரி.

மறுநாள் காலை, அவர் ஷூட்டிங் போயிருந்த நேரம், வாசலில் ஒரு அம்மாள் நின்றாள். குட்டையான, கனத்த உடம்பு. இரண்டு பக்கமும் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். தோளில் துணிப்பை. துணி தைக்க வந்தவள் என்று தையல்காரி அளவு நாடாவை எடுத்தாள்.

அந்த அம்மாள் உள்ளே வந்ததும் ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரில் அழுக்கான இடத்தைப் பார்த்தாள். பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில்தான் படுக்கையறைக் கதவு என்றாள்.

செத்த நடிகரின் பெண்டாட்டி அவள். வாத்து என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். வெளியாள் ஒருவருக்கும் தெரியாது, அத்தனை பேர் எதிரில் சொல்லக்கூடியதும் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு சொல்வது. அதை நேற்று டிவியில் கேட்டிருக்கிறாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வாட்ச், கப், நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். தையல்காரிக்கு ஒரு நப்பாசை. உங்கள் வீட்டுக்காரர் என்றால் நீங்கள் கூப்பிட்டால் வந்துவிடமாட்டாரா என்று இழுத்தாள்.

"எனக்கு வேண்டாம்மா" என்றாள் அந்த அம்மாள் உடனே. "டிவியில நீ பாத்தது கால்வாசிதான். அவர் போன பிறகுதான் நான் உக்காந்து சாப்பிடறேன். கதவைத் திறந்து வச்சுத் தூங்கறேன். தொலைஞ்சாருன்னு இருந்தவ நான். எங்கயாவது போகட்டும், என்கிட்ட வேண்டாம்."

எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அவளுக்கும் மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அவரைப் பாக்காதே. பயப்படாதே, கோபப்படாதே, அழாதே. கோபம்னா அவருக்கு விருந்து. யாரும் பாக்காத இடத்தில அவரால ஒரு நிமிஷம் இருக்க முடியாது. நான் கடைசிக் காலத்தில அதைத்தான் செஞ்சேன். சுவரைப் பாத்து உக்காந்துடுவேன். எழுந்து செட்டுக்குப் போயிடுவாரு."

தன் போன் நம்பரைக் கொடுத்து இவள் நம்பரையும் வாங்கிக்கொண்டாள், ஏதாவது என்றால் கூப்பிடு என்று. கொடுத்திருக்க வேண்டாம்.

அன்றிலிருந்து தையல்காரி அவரைப் பார்ப்பதை நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்து மிஷினில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பாட்டைத் தரையைப் பார்த்துக்கொண்டே வைத்தாள். அவர் கத்தினார், பாத்திரத்தை எறிந்தார். எறிந்ததைப் பொறுக்கிக் கழுவி வைத்தாள், தண்ணீர்க் குழாய் ஒழுகினால் துடைப்பது போல. ஆனால் அவள் ஒருத்தி பார்க்காமல் இருந்து என்ன பயன்? ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஊரைத் தெரியும். நல்லவனாகத் திருந்தினவனையே தாங்காதவர்கள், கெட்டவனை மட்டும் எத்தனை நாள் தாங்குவார்கள்? அடுத்த சேனலில் அதே நேரத்துக்குப் புதுச் சீரியல் ஒன்று தொடங்கியிருந்தது. இரட்டைப் பிறவிகள், ஒருத்திக்குப் பார்வை இல்லை, இன்னொருத்தி அவள் கண்ணைத் திருடினவள். தையல்காரி தன் கையாலேயே சேனலை மாற்றினாள். பெண்கள் கூச்சல் போட்டார்கள். விளம்பர இடைவேளையில் மட்டும் பார்ப்போம் என்று சமாதானம் சொன்னாள். பெரியப்பா ஓடும்போது வேண்டுமென்றே, 'எழுந்திரு, கை அளவு எடுக்கணும்' என்று ஒவ்வொருத்தியாக எழுப்பினாள். அவர் திரையில் பல்லைக் கடிக்கும்போது, தண்ணீர் வரவில்லையே, மேல்மாடிப் பையன் யாரோடோ பேசுகிறானாமே என்று எடுத்துக்கொடுத்தாள். பேச்சு பற்றிக்கொண்டது. ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"போன தடவையும் இப்படித்தான் கத்தினாரு" என்றாள் நர்ஸம்மா ஒருநாள், திரையைப் பார்க்காமலே. "அந்தக் குருட்டுப் பொண்ணு என்ன ஆனாள்? மாத்து, மாத்து."

பழைய பெரியப்பா வேண்டும் என்று தொண்டை கிழியக் கேட்டவளும் இவள்தான்.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. தையல்காரி திரும்பவில்லை. யாரும் திரும்பவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஓடி வந்தவன் மூச்சு போல, ஒவ்வொரு முதுகுக்குப் பின்னாலும் போய்ப் போய் நின்று வாங்குகிற மூச்சு. மேல்வீட்டு அக்கா, என்னடி இங்கே குளிருகிறது என்று துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி திரையில் ஆழ்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மற்ற வீடுகளிலும் அதேதான் நடந்திருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. வீட்டில் அவர் குரல் மெலிந்துகொண்டே வந்தது. கத்தல் புலம்பலாயிற்று. புலம்பல் முணுமுணுப்பாயிற்று. விட்டுக்கொடுத்த சட்டைகள் தொளதொளவென்று தொங்குவதை, சாப்பாடு வைக்கும்போது தரையில் விழுந்த நிழலைப் பார்த்து அவள் தெரிந்துகொண்டாள்.

ஒரு மத்தியானம் அவள் முதுகுக்குப் பின்னால், மிக நெருக்கத்தில், அவள் புருஷனின் சொந்தக் குரல் கேட்டது. அதே மென்மை, அதே தயக்கம்.

"ஊசி. என் மேல கோபமா?"

அவள் கால் பெடலில் நின்றுவிட்டது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அப்போதுதான் நினைத்தாள். அந்த மனுஷர் இத்தனை வருஷத்தில் கோபமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவளுக்குக் கோபம் என்றால் வாயைத் திறக்கவே பயப்படுவார். அடுத்தவர் குரலில் பேசுவது அவள் புருஷன் ஒருவருக்கு மட்டும் தெரிந்த வித்தையா என்ன? அவள் பெடலை மிதித்தாள். துணியின் விளிம்பு நேராக ஓடியது. கழுத்தின் பின்புறம் யாரோ ஊதுவது போல இருந்தது. ஒரு பக்கத் தையல் முடிந்து மறுபக்கம் திருப்பிப் போட்டாள். ஊதுவது நின்றது. வாசல் கதவு திறந்து மூடிக்கொண்டது. நாற்காலியில் யாரோ பொத்தென்று சாய்கிற சத்தம்.

அதற்கும் அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையில் பாத்திரம் உருண்டது. பிறகு அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு கப் வந்து உட்கார்ந்தது. மேலே ஒரு சின்னத் தட்டு மூடியிருந்தது, நூல் தூசி டீயில் விழாமல் இருக்க. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் திரும்பினாள். பெரிய சட்டைக்குள் ஒடுங்கிப்போய், நோயில் கிடந்து எழுந்தவர் போல நின்றுகொண்டிருந்தார் புருஷன். வாட்ச் எந்தக் கையில் இருக்கிறது என்றுகூட அவள் பார்க்கவில்லை. அளவு நாடாவை எடுத்து அவர் தோளில் வைத்தாள். பழைய அளவு. நாடாவைப் பிடித்துக்கொண்டே அழுதாள். என்ன ஊசி, சட்டை சரியில்லையா என்றார் அவர். நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை.

சீரியலில் பெரியப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன பிறகு யாரும் அவரைப் பற்றிப் பேசவே இல்லை, தம்பி குடும்பம்கூட. அவர் டப்பிங் கூடத்துக்குத் திரும்பினார். தெருவில் ஒன்றிரண்டு பேர் இன்னும் பெரியப்பா என்றார்கள். மற்றவர்கள் அதையும் விட்டார்கள். நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. அந்த அம்மாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், பக்கத்தில் தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாது என்பது போல.

"இங்க பாரும்மா. இங்க படுக்கையறைக் கதவு திறக்குது, மூடுது. நேத்திலிருந்து. நான் சுவரைப் பாத்து உக்காந்திருக்கேன். சாப்பிடல. நீயாவது ஒரு எட்டு வாயேன். ரெண்டு பேரா இருந்தா மாத்தி மாத்தியாவது..."

அதற்குமேல் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அது அந்த அம்மாளின் மூச்சு இல்லை. அந்த மூச்சு தையல்காரிக்குத் தெரியும்.

அங்கே போனால் பார்க்க வேண்டிவரும், பார்த்தால் தன்னோடு திரும்பி வரும் என்று அவளுக்குப் பட்டது. அன்றைக்கு வாசல் கதவு திறந்து மூடியபோது அது எங்கே போகும் என்று அவள் யோசிக்காமல் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். போனை வைத்தாள்.

நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த புருஷன் யார் என்று கேட்டார். தப்பான நம்பர் என்றாள்.

மறுபடி அடித்தது.

"பாவம், யாருக்கோ அவசரம் போல" என்று அவர் எழுந்தார். அப்படிப்பட்ட மனுஷர் அவர்.

"இருக்கட்டும், உக்காருங்க" என்றாள் தையல்காரி, ஊசியில் நூலைக் கோத்தபடி.